கண்ணாடி விரியனும் உறையாத ரத்தமும்

1

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அரசும் வேம்பும் இணைந்து நிற்கும் மேடைகளின் அடியில் நாகர் கற்களைக் காணலாம். ஒன்றையொன்று பின்னிய இரு பாம்புகள், அல்லது படம் விரித்த ஒற்றை நாகம். மேலே மஞ்சள், குங்குமம், காய்ந்த பூச்சரம். சில கற்கள் மழையிலும் எண்ணெயிலும் தேய்ந்து உருத்தெரியாமல் போயிருக்கும். சில உளித்தடம் மாறாமல் புதிதாக இருக்கும். வைத்தவர் பெயர் பெரும்பாலும் இராது. எழுத்தில்லாத கல்லை வரலாற்று ஆய்வாளர்கள் பொருட்படுத்துவது குறைவு. நானோ இக்கற்களை ஒருவகை ஆவணமாகவே கருதி வருகிறேன்.

நம் மரபில் போரில் மடிந்தவனுக்கு நடுகல் உண்டு. ஏரி வெட்டியவனுக்குக் கல்வெட்டு உண்டு. கருவிலேயே கலைந்துபோன பிள்ளைகளுக்கும், அவர்களைச் சுமந்து இழந்த பெண்களுக்கும் பதிவு என ஒன்று இல்லை. பிள்ளை வரம் வேண்டியும், உண்டான கரு தங்க வேண்டியும், சர்ப்ப தோஷம் நீங்க வேண்டியும் நடப்பட்ட நாகர் கற்களையே அவ்விழப்பின் பொதுப் பதிவாகக் கொள்ளலாம். ராஜபாளையத்துக்குத் தெற்கே சங்கரன்கோவிலில் சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்களைச் சுற்றியே தலபுராணம் அமைந்திருக்கிறது. அங்கே புற்றுமண் பிரசாதமாகவும் மருந்தாகவும் கொள்ளப்படுகிறது. துளசி வனத்தில் குழந்தை கிடைத்த கதையைத் தன் பெருமையாகக் கொண்ட ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பிள்ளை என்னும் பேறும் பாம்பு என்னும் அச்சமும் இந்த மலையடிவாரத்து மனத்தில் அருகருகே குடியிருக்கின்றன.

தோஷம் என்னும் சொல் துயரத்துக்கு ஒரு காரணத்தைத் தருகிறது. அந்த அளவில் அது ஆறுதலே. ஆனால் அந்தக் காரணம் யார் தலையில் ஏற்றப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் பெண்ணின் ஜாதகத்தின்மேல்தான் ஏறுகிறது. இரண்டு, மூன்று முறை கரு கலைந்த பெண்ணைத் தெருவில் நடக்கும் வளைகாப்புக்கு அழைக்கத் தயங்குவார்கள். அழைத்தாலும் வளையல் அடுக்கும் வரிசையில் அவள் நிற்க மாட்டாள்.

இந்தக் கற்பாம்பைத் தவிர, இவ்வட்டாரத்து வயல்களில் உயிருள்ள பாம்பு ஒன்றும் உண்டு. அது கண்ணாடி விரியன். இவ்விரு பாம்புகளின் கதைகளும் எதிர்பாராத ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. அவ்விடம் ரத்தப் பரிசோதனைக் கூடம்.

திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கும், இளவயதிலேயே காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ ரத்தம் கட்டிக்கொள்வதற்கும் காரணமாகும் நோய் ஒன்று உண்டு. ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்பது அதன் பெயர். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) உடலின் சொந்தக் கூறுகளையே பகையாகக் கொள்வதால் வரும் தன்னெதிர்ப்பு நோய்களில் இதுவும் ஒன்று. இதைக் கண்டறியும் சோதனைகளுள் ஒன்றில், நோயாளியின் ரத்த நீருடன் கண்ணாடி விரியனின் நஞ்சு மிக நுண்ணிய அளவில் சேர்க்கப்படுகிறது. 1906இல் தொடங்கி 1986 வரை எண்பது ஆண்டுகளில் உருவான சோதனை முறை இது. அதன் வரலாறு பெரிதும் பிழைகளின் வரலாறு. தூக்கி எறியப்படாமல் பின்தொடரப்பட்ட பிழைகளின் வரலாறு.

2

முதலில் பாம்பிலிருந்து தொடங்கலாம்.

கண்ணாடி விரியன் தீண்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் விவசாயிக்குச் செய்யப்படும் முதற் சோதனை மிக எளிமையானது. இரண்டு மூன்று மில்லி ரத்தத்தை எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைப்பார்கள். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் போல் வழிந்தால் நஞ்சு ஏறிவிட்டது என்று பொருள். குழாய் கண்ணாடியாலானதாகவே இருக்க வேண்டும். கண்ணாடியின் பரப்பு பட்டால்தான் ரத்தத்தில் உறைதல் தொடங்கும். பிளாஸ்டிக் குழாயில் இச்சோதனை பொய்த்துவிடும்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. விரியனின் நஞ்சு ரத்தத்தை உறைய வைக்கும் நஞ்சு. உடலுக்குள் அது அங்கங்கே ஓயாமல் உறைதலைத் தூண்டித் தூண்டி, உறைதலுக்கு வேண்டிய பொருள்களையெல்லாம் செலவழித்துவிடுகிறது. கையிருப்பு தீர்ந்தபின் ரத்தம் உறைய வழியில்லை. ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசிகிறது. உறைய வைக்கும் பொருளே உறையாமைக்குக் காரணமாகிறது.

இப்பாம்பை மேலை உலகுக்கு விரிவாக அறிமுகப்படுத்தியவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவராகப் பணியாற்றிய இவர், 1780களில் விசாகப்பட்டினத்துக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகக் கர்நாடகப் பகுதிக்கு நியமிக்கப்பட்டார். சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1796இல் லண்டனில் வெளிவந்தது. பாம்புகளுக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையே அவர் பதிவு செய்தார். கண்ணாடி விரியனை அவர் குறித்திருப்பது ‘காட்டுக ரேக்குல பொட’ என்னும் தெலுங்குப் பெயரால். காட்டுக என்றால் கண்மை. வீட்டில் தெலுங்கு பேசும் ராஜபாளையத்து ராஜுக்களின் செவிக்கு அச்சொல் அந்நியமாக இராது. அடுத்த ஆண்டே, 1797இல், இப்பாம்பின் அறிவியல் பெயரில் ரஸ்ஸலின் பெயர் சேர்க்கப்பட்டது. உலகம் இன்றும் இதை ரஸ்ஸலின் விரியன் என்றே அழைக்கிறது.

இந்த நஞ்சு மருந்தாக மாறியது 1934இல். லண்டன் புனித பார்த்தலோமியூ மருத்துவமனையைச் சேர்ந்த ராபர்ட் மக்ஃபார்லேன், லண்டன் விலங்குக்காட்சிச் சாலையின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளர் பர்ஜஸ் பார்னெட்டுடன் சேர்ந்து, பல பாம்புகளின் நஞ்சுகளைச் சோதித்தார். பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சு, ஹீமோபீலியா நோயாளியின் உறையாத ரத்தத்தையும் நொடிகளில் உறைய வைத்தது. பல் பிடுங்கிய பள்ளத்தில் ரத்தம் நிற்காமல் வழியும் நோயாளிகளுக்கு அந்த நஞ்சை நனைத்து வைத்து அடைத்தார்கள். நஞ்சு புட்டியில் அடைக்கப்பட்டு ‘ஸ்டிப்வென்’ என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. சத்திரப்பட்டி வட்டாரத்து விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்து உலகெங்கும் அனுப்பும் நம்மவர்களுக்கு ரத்தத்தை நிறுத்தும் துணி தெரியும். அத்துணியோடு வயல்வரப்பு விரியனும் ஒருகாலத்தில் கைகோத்தது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

3

இனி, பாம்புக்குத் தொடர்பில்லாதது போலத் தோன்றும் மற்றொரு கதை. பின்னால் இரண்டும் ஒன்றாகும்.

1905இல் சிபிலிஸ் நோயின் கிருமி கண்டறியப்பட்டது. நம் மருத்துவ மரபில் பறங்கிப்புண், கிரந்தி என்றெல்லாம் வழங்கிய நோய் இது. அடுத்த ஆண்டு, பெர்லினில் ஆகஸ்ட் ஃபான் வாஸர்மானும் அவருடைய கூட்டாளிகளும் இந்நோய்க்கு ரத்தப் பரிசோதனை ஒன்றை வெளியிட்டனர். சிபிலிஸால் இறந்த கருவின் கல்லீரற் சாறுதான் அதற்கு மூலப்பொருள். அச்சாற்றில் கிருமி நிறைந்திருக்கும், நோயாளியின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அக்கிருமியைத் தேடிப் பிடிக்கும் என்பது அவர்கள் கருத்து. கருத்து தவறு. 1907இலேயே, நோயில்லாத உடலின் உறுப்புச் சாற்றிலும் இச்சோதனை வேலை செய்வது தெரிந்துவிட்டது. எதிர்ப்பொருள் பிடித்தது கிருமியை அன்று. உடலின் சொந்தக் கொழுப்பு ஒன்றை. கோட்பாடு தவறாகவும் சோதனை பயனுள்ளதாகவும் இருந்தது. அறிவியல் உண்மை என்பது ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பன்று, ஒரு சிந்தனைக் குழுவின் கூட்டு உழைப்பில் தட்டுத்தடுமாறி உருவாவது என்று லுட்விக் ஃப்லெக் 1935இல் எழுதிய நூலுக்கு இச்சோதனையே மைய எடுத்துக்காட்டு.

அந்தக் கொழுப்பு எது என்பதை 1941இல் நியூயார்க் மாநிலத்தின் அல்பனி நகரில் மேரி பாங்போர்ன் தனித்துப் பிரித்தார். மாட்டின் இதயத்திலிருந்து எடுத்ததால் கார்டியோலிப்பின், அதாவது இதயக் கொழுப்பு, எனப் பெயர் பெற்றது. பாஸ்பரஸ் கலந்த பாஸ்போலிப்பிட் கொழுப்புகளில் அதுவும் ஒன்று. அதைக் கொண்டு உருவானதே வி.டி.ஆர்.எல். சோதனை. இன்றும் கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படும் சிபிலிஸ் சோதனைகளுள் அதற்கு இடமுண்டு.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1930களிலிருந்து திருமணத்துக்கு முன் சிபிலிஸ் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. நோய்க்குறி எதுவுமற்ற, கேடான தொடர்பும் அற்ற பலருக்கு, அவர்களில் இளம்பெண்கள் மிகுதி, சோதனையில் ‘நோய் உண்டு’ என்று வந்தது. எத்தனை நிச்சயதார்த்தங்கள் முறிந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மருத்துவம் அதற்கு வைத்த பெயர் ‘பொய் நேர்மறை’. பொய் என்ற சொல்லோடு கோப்பை மூடியிருக்கலாம். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜோசப் எர்ல் மூரும் சார்லஸ் மோரும் அவ்வாறு மூடவில்லை. 1952இல் அவர்கள் இவற்றை இரு வகையாகப் பிரித்தார்கள்: காய்ச்சல் போன்ற ஒன்றுக்குப் பின் தோன்றிச் சில மாதங்களில் மறைவது ஒன்று, ஆண்டுக்கணக்கில் நீடிப்பது மற்றொன்று. நீடிப்பவர்களைப் பின்தொடர்ந்தபோது, அவர்களில் பலருக்கு லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் பிற்பாடு வெளிப்பட்டது. பொய் என்று குறிக்கப்பட்ட முடிவு, கேட்கப்படாத வேறொரு கேள்விக்கான மெய்யான விடையாக இருந்தது.

4

அதே 1952இல், அதே மருத்துவமனையில், கான்லி, ஹார்ட்மன் என்னும் இருவர் லூபஸ் நோயாளிகளின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய நெடுநேரம் எடுப்பதைக் கண்டு எழுதினார்கள். ரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் பொருள் ஒன்று சுற்றுகிறது என்றார்கள். 1957இல் ஸ்வீடனின் லாரெல், நில்ஸன் ஆகியோர் அத்தடுப்பானுக்கும் பொய் நேர்மறைக்கும் உள்ள உறவைக் காட்டினார்கள். பாஸ்போலிப்பிட் சேர்த்தால் தடுப்பான் அதில் ஒட்டி அகன்றுவிடும் என்பதையும் கண்டார்கள். 1972இல் அதற்கு ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ எனப் பெயர் வந்தது. லூபஸ் இல்லாதவர்களுக்கும் அது வருகிறது. அதைவிடப் பெரிய முரண் வேறு இருந்தது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் உடலில் இருந்தால், அந்நோயாளிக்கு ரத்தப்போக்குதானே மிக வேண்டும்? 1963இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் போவியும் குழுவினரும் நேர்மாறானதைப் பதிவு செய்தார்கள். இத்தடுப்பான் உள்ளவர்களின் நாளங்களில் ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. குழாயில் உறைய மறுத்த அதே ரத்தம் உடலுக்குள் உறைந்தது.

விரியனின் முரணை இங்கே நினைவுகூர வேண்டும். நஞ்சு குழாயில் உறைய வைக்கும், உடலில் உறையாமல் செய்யும். இந்த எதிர்ப்பொருளோ குழாயில் உறையாமல் செய்யும், உடலில் உறைய வைக்கும். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம்.

இச்சிதறல்களை ஒரே நோயாகத் திரட்டியவர் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் கிரகாம் ஹ்யூஸ். 1970களில் ஜமைக்காவில் பணியாற்றியபோது அங்கிருந்த நரம்பு நோயாளிகளைப் பார்த்ததிலிருந்து தம் சிந்தனை தொடங்கியதாக அவர் கூறியிருக்கிறார். 1983இல் ரத்தக்கட்டு, கருச்சிதைவு, மூளைப் பாதிப்பு ஆகிய மூன்றையும் இந்த எதிர்ப்பொருளோடு இணைத்து எழுதினார். அவ்வாண்டே அவர் குழுவிலிருந்த, கயானா நாட்டைச் சேர்ந்த நைஜல் ஹாரிஸ், கார்டியோலிப்பினுக்கு எதிரான எதிர்ப்பொருளை நேரடியாக அளக்கும் நுண்ணிய சோதனையை உருவாக்கினார். மூன்று கருக்களை இழந்த பெண்ணுக்கும், முப்பது வயதில் பக்கவாதம் வந்த இளைஞனுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்பது அதுவரை எவரும் அளந்து காட்டாத செய்தி.

1990இல் ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் குழுக்கள் மேலும் ஒரு திருத்தம் செய்தன. இந்த எதிர்ப்பொருள்கள் முதன்மையாகப் பற்றுவது கொழுப்பை அன்று; கொழுப்பின்மேல் வந்து அமரும் பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்னும் புரதத்தை. நாளங்களின் உட்சுவரிலும் நஞ்சுக்கொடியிலும் அவை பற்றும்போது உறைதலும் அழற்சியும் தூண்டப்படுகின்றன.

5

இரு கதைகளும் சந்தித்தது 1986இல். பெருமாள் தியாகராஜன், விட்டோரியோ பெங்கோ, சாண்டர் ஷபீரோ ஆகிய மூவர் ‘பிளட்’ என்னும் அமெரிக்க ஆய்விதழில், நீர்த்த ரஸ்ஸல் விரியன் நஞ்சைக் கொண்டு இத்தடுப்பானைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். அதன் நுட்பம் அழகானது.

ரத்தம் உறைவது ஒரு சங்கிலி வினை. ஒரு காரணி அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்டும். விரியன் நஞ்சு இச்சங்கிலியின் தொடக்கக் கண்ணிகளைத் தாண்டி, பத்தாம் காரணியை நேரே தூண்டுகிறது. அதற்குப்பின் உறைதல் நடக்கப் பாஸ்போலிப்பிட் பரப்பு வேண்டும். சோதனையில் அப்பரப்பை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அந்தச் சிறிய இடத்தையும் அது அடைத்துக்கொள்ளும், உறைதல் தாமதமாகும். பின்னர் பாஸ்போலிப்பிட்டைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். இப்போது நேரம் சீராகிவிட்டால் தடுத்தது இந்த எதிர்ப்பொருளே என்பது உறுதி. தறியில் நூல் அறுகிறதென்றால் பாவிலா ஊடையிலா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் முறைதான்.

இன்று இந்நோயை ஐயுறும் மருத்துவர் மூன்று சோதனைகளை எழுதுவார்: விரியன் நஞ்சு முறையையும் உள்ளடக்கிய லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பொருள். ஒன்றில் நேர்மறை வந்தாலும் அத்துடன் முடிவு கட்டலாகாது. குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பது 2006இல் வெளியான பன்னாட்டு வரையறை. காய்ச்சலாலும் தொற்றாலும் தோன்றி மறைவது எது, நிலைப்பது எது என்று 1952இல் மூரும் மோரும் பிரித்த அதே பிரிவினைதான் இந்தக் காத்திருப்புக்கு அடிப்படை.

சிற்றூர்களில் இச்சோதனைக்கு வேறு தடைகளும் உண்டு. சிட்ரேட் குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து தட்டணுக்கள் எஞ்சாதபடி இருமுறை சுழற்றி நீரைப் பிரித்து, நான்கு மணி நேரத்துக்குள் உறைநிலையில் வைக்க வேண்டும். தட்டணுக்கள் எஞ்சினால் அவற்றின் கொழுப்பே எதிர்ப்பொருளை விழுங்கி, இருக்கும் நோயை இல்லையென்று காட்டிவிடும். ஹெப்பாரின், வார்ஃபரின் முதலிய மருந்துகளை உட்கொள்பவருக்கு விரியன் நஞ்சுச் சோதனை வேறுவிதமாகப் பிழை காட்டலாம். ஆகவே மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எப்படி மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் சேர்ந்தது என்பதும் முடிவின் பகுதியே.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் இளங்கலை பயின்ற மாணவி ஒருத்தி இத்தகைய அறிக்கையோடு வந்தாள். இரண்டு கருக்கள் தொடக்கத்திலும் ஒன்று ஆறாம் மாதத்திலும் போயிருந்தன. மாமியார் ஏற்கெனவே நாகர் கல் வைத்திருந்தார். “ஐயா, இதில் விரியன் பாம்பு என்று போட்டிருக்கிறதே, என் ரத்தத்தில் விஷம் இருக்கிறதென்று சொல்கிறார்களா?” என்று கேட்டாள். வீட்டில் அதை யாரிடமும் காட்டவில்லை. பாம்பு என்ற சொல் கண்ணில் பட்டால் தோஷம் உறுதியாகிவிட்டது என்பார்கள் என அஞ்சினாள். விஷம் உன் ரத்தத்தில் இல்லை, உன் ரத்தத்தைச் சோதிக்கப் பயன்பட்ட கருவி அது என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த சோதனையும் அதையே சொன்னது. அடுத்த கருவின்போது தினமும் சிறிய ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெப்பாரின் ஊசியும் எடுத்துக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. கல்லால் வந்த பிள்ளை என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். “இருக்கட்டும் ஐயா, இப்போது என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை” என்றாள்.

இச்சிகிச்சையின் பயனை அளந்த ஆய்வுகளுள் பெயர்பெற்றது 1997இல் லண்டனில் ராய், ரீகன் ஆகியோர் நடத்தியது. ஆஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பெண்களில் 19 பேருக்கும், ஹெப்பாரினும் சேர்த்துப் பெற்ற 45 பேரில் 32 பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இல்லை. ஆயினும் இவ்விரு மருந்துகளே இன்றும் அடிப்படைச் சிகிச்சையாக நீடிக்கின்றன. கருச்சிதைவுகள் எல்லாவற்றுக்கும் இந்நோய் காரணமன்று. தொடக்க வாரச் சிதைவுகளில் பெரும்பங்கு கருவின் குரோமோசோம் பிழைகளால் நேர்பவை. திரும்பத் திரும்ப நேரும்போதும், பத்து வாரம் கடந்த கரு காரணம் தெரியாமல் இறக்கும்போதும் இச்சோதனைக்குத் தேவை எழுகிறது.

இவ்வரலாற்றில் இரண்டு சொற்கள் என் மனத்தில் நிற்கின்றன. ஒன்று பொய்; மற்றொன்று தோஷம். முன்னது ஆய்வுக்கூடம் வைத்த பெயர், பின்னது ஊர் வைத்த பெயர். இரண்டும் விளங்காத ஒன்றின்மேல் ஒட்டப்பட்டவை. இரண்டாலும் தலைகுனிந்து நின்றவர்களில் பெண்களே மிகுதி. முன்னதை ஒருசிலர் மீண்டும் திறந்து பார்த்ததால் ஒரு நோய் தெரியவந்தது. நாகர் கற்களை அகற்ற வேண்டியதில்லை. அவை இழப்பின் நினைவுகள். அந்த மரியாதையோடு இருக்கட்டும். மூன்றாவது கல்லை நடுவதற்கு முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் வருமானால் போதும்.